உருளைக்கிழங்கு சீவத் தெரியாத நாயகி

எங்கள் ஊர் ரயில் நிலைய அறிவிப்பாளர் ரோமுவால்டின் முகத்தை ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. குரலைத் தெரியாதவர் ஒருவர்கூடக் கிடையாது. "பியாவிஸ்டோக்கிலிருந்து வரும் ரயில் நாற்பது நிமிடம் தாமதம்" என்று முப்பது வருடத்துக்கும் மேலாக ஒலிபெருக்கியில் சொல்லிச் சொல்லி, அந்தக் குரல் இஸ்திரி போட்ட துணி மாதிரி ஆகிவிட்டது. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. அவருடைய கல்யாணத்தன்று பாதிரியாருக்கு முன்னால் "சம்மதம்" என்று அவர் சொன்னதைக் கேட்டு, தேவாலயத்தின் கடைசி வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த ஓர் ஆள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டதாக ஒரு பேச்சு உண்டு. நான் பார்க்கவில்லை, ஆனால் நம்புகிறேன்.

சினிமாவில் அவருக்குப் பெரிய ஆசை எதுவும் இருந்ததில்லை. மனைவி ஒதிலியாவுக்குத்தான் பைத்தியம். ரயில்வே தொழிலாளர் பண்பாட்டு மாளிகையில் ஞாயிறு தவறாமல் ஒரு படம் போடுவார்கள். அவள் இரண்டு கைக்குட்டைகளை எடுத்துக்கொண்டு போவாள். இவர் ஒரு பொட்டலம் சூரியகாந்தி விதையை எடுத்துக்கொண்டு பின்னால் போவார். மழைக்கு ஒதுங்கினவன் உள்ளே பூசை நடந்தால் பார்க்கிற மாதிரிதான் அவர் படம் பார்த்தார்.

ஆசை இல்லாவிட்டால் என்ன, அபிப்பிராயத்துக்குப் பஞ்சமில்லை. திங்கட்கிழமை காலையில் நிலையத்துச் சிற்றுண்டிச்சாலையில் எல்லாரும் அவருக்காகக் காத்திருப்பார்கள். சர்வதேசப் பரிசு வாங்கிய ஒரு படத்தில் கதாநாயகன் மூன்று மணி நேரம் ஜன்னல் வழியாக மழையைப் பார்ப்பான். "மழை நல்லா இருந்துச்சு" என்றார் ரோமுவால்ட். "இன்னும் ஒரு மணி நேரம் ஓட்டியிருந்தா வெயிலும் வந்திருக்கும். அவசரப்பட்டு முடிச்சுட்டாங்க." போர்ப் படமா? "டாங்கி நல்லா ஓட்டுறாங்க. ஆனா படம் முழுக்க ஒருத்தனும் டீசல் போடல. தோத்ததுல என்ன ஆச்சரியம்?" செத்தவன் கல்லறையிலிருந்து எழுந்து வரும் பேய்ப் படத்தைப் பார்த்துவிட்டு, இதுவரை வந்த குடும்பப் படங்களிலேயே சிறந்தது என்று சொன்னார். "செத்த பிறகும் நேரா வீட்டுக்குத்தான் வர்றான். வேற எங்கயும் போகல பாருங்க." துப்பறியும் படங்களில் தொப்பியைக் கழற்றாமல் சூப் குடிக்கிறவன்தான் கொலைகாரன் என்பது அவர் கண்டுபிடிப்பு. ஏழு படங்களில் அது சரியாக இருந்தது. எட்டாவதில் போலீஸ்காரனே தொப்பியோடு சூப் குடித்தான். ரோமுவால்ட் அந்தப் படத்தை மன்னிக்கவே இல்லை.

ஓடும் ரயிலில் யாராவது தாவி ஏறும் படம் எதுவானாலும் அவருக்கு ஆகாது. அதில் காதல் இருந்தாலும் சரி, புரட்சி இருந்தாலும் சரி. "கதவை ரெண்டு நிமிஷம் முன்னாலயே சாத்தணும். அது விதி. டைரக்டருக்குத் தெரியாதுன்னா கேட்டிருக்கலாமில்ல, நான் இங்கதானே இருக்கேன்?"

இப்படி எல்லாரையும் சிரிக்கவைத்துக்கொண்டிருந்த மனுஷன்தான். நுணலும் தன் வாயால் கெடும்.

எண்பத்து நான்காம் வருடம் அக்டோபர் மாதம் ஒரு கலங்கரை விளக்கப் படம் வந்தது. கடலுக்குப் போன புருஷனுக்காக ஒருத்தி பதினோரு வருடம் காத்திருக்கிறாள். தினமும் இரண்டு பேருக்குச் சமைக்கிறாள். கடைசியில் அவன் தொப்பி மட்டும் கரை ஒதுங்குகிறது. மாளிகை முழுக்க மூக்குறிஞ்சும் சத்தம். ஒதிலியா இரண்டு கைக்குட்டைகளையும் நனைத்துவிட்டு, தங்கை கெனியாவிடம் மூன்றாவதை வாங்கினாள். வெளியே வந்து விளக்குக் கம்பத்தடியில் நின்றவள், இன்னும் விக்கிக்கொண்டே, "எப்படி இருந்துச்சு ரோமெக்?" என்று கேட்டாள்.

"அந்தப் பொம்பளைக்கு உருளைக்கிழங்கு சீவத் தெரியல" என்றார் ரோமுவால்ட். "தோலோட பாதிக் கிழங்கு போகுது. பதினோரு வருஷமா இப்படிச் சீவினா எவ்வளவு கிழங்கு வீண்!"

ஒதிலியா அவரை ஒரு தரம் பார்த்தாள். பிறகு தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு, தன் வீட்டுக்குத் திரும்பும் தெருவைத் தாண்டி, கெனியாவின் வீட்டுக்குப் போய்விட்டாள். அன்று போனவள்தான். மறுநாள் கெனியா வந்து அவளுடைய செருப்பையும் இரவு உடையையும் எடுத்துப்போனாள்.

"என்ன தப்பாச் சொன்னேன்?" என்று ரோமுவால்ட் அவளிடம் கேட்டார். "கிழங்கு வீண்தானே?"

"நீங்க ஒரு கட்டை, அத்தான்" என்றாள் கெனியா.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? இரண்டு நாளில் ஊர் இரண்டாகப் பிரிந்தது. ஆண்களில் சிலர், கிழங்கு உண்மையிலேயே தடிமனாகத்தான் சீவப்பட்டது என்று சாட்சி சொன்னார்கள். கசாப்புக் கடை வரிசையில் நின்ற பெண்கள் அவர்களுக்கு இடம் விட மறுத்தார்கள். ரோமுவால்டுக்கு இதெல்லாம் காதில் ஏறவில்லை. வீடு வெறிச்சென்று இருந்தது. சமையலறையில் இரண்டு தட்டு வைத்துவிட்டு ஒன்றைத் திரும்ப எடுத்து வைப்பார். அவள் இல்லாமல் அவருக்கு இருக்கத் தெரியவில்லை. அதை யாரிடம், எப்படிச் சொல்வது என்பதும் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்த ஒரே வழி ஒலிபெருக்கி.

ஒதிலியா பக்கத்து ஊர் லினன் ஆலையில் வேலை பார்த்தாள். தினமும் காலை ஏழு பத்து வண்டிக்கு இரண்டாம் நடைமேடையில் நிற்பாள். ஒரு செவ்வாய்க்கிழமை நடைமேடையில் இப்படி ஓர் அறிவிப்பு வந்தது.

"பயணிகள் கவனத்துக்கு. ஏழு பத்து வண்டி இரண்டாம் நடைமேடைக்கு வருகிறது. கலங்கரை விளக்கப் படத்தை மறுபடி யோசித்துப் பார்த்ததில், விளக்கு நல்ல உயரம். ஓரத்திலிருந்து விலகி நில்லுங்கள்."

புதன்கிழமை, கடலும் பெரிதாக இருந்ததாக அறிவித்தார். வியாழனன்று தொப்பியைப் பாராட்டினார். வெள்ளிக்கிழமை துணிந்து உள்ளத்தைத் திறந்துவிட்டார். "கிழங்கு சீவுவதில் என் மனைவிக்கு இணை இந்த மாவட்டத்தில் இல்லை. அவள் சீவும் தோல் வழியாகச் செய்தித்தாள் படிக்கலாம். ஏழு பத்து வண்டி ஐந்து நிமிடம் தாமதம்." நடைமேடையே திரும்பி ஒதிலியாவைப் பார்த்தது. அவள் முகம் பீட்ரூட் சூப் நிறத்துக்கு வந்தது. சனிக்கிழமை, எந்த ஊருக்கும் போகாத நாற்பது பேர் வெறுமனே கேட்பதற்காக நடைமேடையில் நின்றார்கள். ஒதிலியா அன்று பேருந்தில் போய்விட்டாள்.

நிலைய அதிகாரி கொர்னெல் அவரைக் கூப்பிட்டனுப்பி, 'பான்' என்று மரியாதை போட்டே ஆரம்பித்தார். "பான் ரோமுவால்ட், ஒலிபெருக்கி ரயில்வேயோட சொத்து. உங்க மச்சினி வீட்டு ஜன்னல் இல்ல. இன்னொரு தரம் படத்தைப் பத்திப் பேசினா உங்களைச் சரக்குக் கிடங்குக்கு மாத்திடுவேன். அங்க மூட்டைகிட்ட பேசிக்கிடுங்க."

பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காய் முடிந்த கதையாகிவிட்டது. மூன்று வாரமாயிற்று. ஒதிலியா குளிர்கால கோட்டையும் வாங்கிவரச் சொல்லி ஆள் அனுப்பினாள். குளிர்கால கோட்டு என்றால் வசந்தம் வரை திரும்ப உத்தேசமில்லை என்று அர்த்தம். ரோமுவால்ட் அந்தக் கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தபோதுதான் பண்பாட்டு மாளிகை நிர்வாகி செவெரின் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்.

எங்கள் நாட்டில் வெளிநாட்டுப் படத்துக்கு ஆளாளுக்குக் குரல் கொடுக்கிற வழக்கமெல்லாம் கிடையாது. வாசிப்பாளர் என்று ஒருவர் இருப்பார். வசனத்தாளை வைத்துக்கொண்டு ஆண், பெண், குழந்தை, பேசும் கிளி எல்லாருக்கும் அவரே ஒரே குரலில் வாசிப்பார். உணர்ச்சி கூடாது. உணர்ச்சி நடிகருடைய வேலை. எங்கள் மாளிகையின் வாசிப்பாளர் தெயோஃபில் பதினைந்து வருடத்தில் ஒரே ஒரு முறை, ஒரு மரணக் காட்சியில், லேசாகச் செருமிவிட்டார். அந்த அவமானத்தில் இரண்டு நாள் வெளியே தலைகாட்டவில்லை.

"தெயோஃபில் தொண்டையில மீன் முள்ளு" என்றார் செவெரின். "நாளைக்குப் பகல் மூணு மணிக்குப் போர்த்துகீசியப் படம். தூதரகத்துல இரவல் வாங்கினது, திங்கக்கிழமை திருப்பணும். உங்களை விட்டா உணர்ச்சியே இல்லாத ஆள் ஊர்ல யாரு இருக்கா?"

"ஒதிலியா வருவாளா?"

"வராம? ஆனா ஒண்ணு, பான் ரோமுவால்ட். தாள்ல இருக்கிறதை வாசிக்கணும். அபிப்பிராயம் கூடாது. விளக்கு உயரம், கடல் ஆழம்னு ஆரம்பிச்சீங்க, உங்க காலைத் தொட்டுக் கேட்டுக்கிறேன், வேண்டாம்."

ரோமுவால்ட் ஒத்துக்கொண்டார். இரண்டு மணி நேரம் அவள் காதில் தன் குரல் விழும், அவளால் பேருந்தில் ஏறிப் போக முடியாது. அது போதும் அவருக்கு.

ஞாயிற்றுக்கிழமை மாளிகை நிரம்பி வழிந்தது. திரைக்குப் பக்கவாட்டில் ஒரு சின்ன மேசை, பச்சை விளக்கு, ஒலிவாங்கி. அங்கே உட்கார்ந்தால் திரையும் தெரியும், கூட்டமும் தெரியும். ஏழாவது வரிசை நடுவில் கெனியாவுக்கும் டாக்டரின் மனைவிக்கும் இடையில் ஒதிலியா உட்கார்ந்திருந்தாள். ரோமுவால்ட் பக்கம் அவள் பார்க்கவே இல்லை.

படம் ஓடத் தொடங்கியது. ஒரு மீனவன் படகைக் கரையில் இழுத்துப் போட்டுவிட்டு, வாசலில் நின்ற மனைவியை நெருங்கி, அவள் கன்னத்தைத் தொட்டு ஏதோ சொன்னான். ரோமுவால்ட் தாளைப் பார்த்து வாசித்தார்.

"முதலில் பின்னங்கால் குளம்பைத் தூக்கிப் பாருங்கள். புண் இருந்தால் சுண்ணாம்பு நீரில் கழுவவும்."

படப்பெட்டியில் யாரோ தாளை மாற்றி வைத்துவிட்டார்கள். அது கால்நடைத் துறையின் பயிற்சிப் படத்துக்கு எழுதியது. ரோமுவால்டுக்கும் சந்தேகம் வந்தது. ஆனால் தாளில் இருப்பதை வாசிப்பதாக வாக்குக் கொடுத்திருந்தார். மீனவன் மனைவி கண் கலங்கி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "தீவனத்தில் உப்பைக் குறைக்கவும்" என்றார் ரோமுவால்ட்.

எங்கள் ஊர் ரசிகர்களை நீங்கள் குறைத்து எடைபோடக் கூடாது. மூன்று மணி நேர மழையைப் பார்த்துப் பழகியவர்கள். யாரும் சிரிக்கவில்லை. "என்ன துணிச்சல்!" என்று டாக்டரின் மனைவி மெதுவாகச் சொன்னாள். பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம், "பசுங்கிறது நாடு. குளம்புங்கிறது நாம" என்று விளக்கினார். மீனவன் மனைவியோடு பேசாமல் சூதாடப் போனபோது, "மடியை வெதுவெதுப்பான நீரில் துடைக்கவும்" என்ற வரி வந்தது. இரண்டு பெண்கள் அழுதேவிட்டார்கள்.

இருபத்தைந்து நிமிடத்தில் தாள் தீர்ந்துபோயிற்று. திரையில் மீனவனின் தாயாருக்கு இறுதிச் சடங்கு நடந்துகொண்டிருந்தது. சவப்பெட்டிக்கு முன்னால் நின்று மீனவன் ஏதோ சொன்னான். "மேலும் விவரங்களுக்கு மாவட்டக் கால்நடை அலுவலரை அணுகவும். நன்றி" என்று வாசித்துவிட்டு ரோமுவால்ட் தாளைக் கவிழ்த்துப் பார்த்தார். மறுபக்கம் வெறுமையாக இருந்தது.

சுவரோரமாக நின்ற செவெரினைப் பார்த்தார். செவெரினுக்கு முகத்தில் ஈயாடவில்லை. "ஏதாவது பேசுங்க!" என்று கையை ஆட்டினார். திரையில் ஆட்கள் தங்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனார்கள். வாசிப்பாளர் சும்மா இருக்க முடியாது. ரோமுவால்ட் கண்ணில் பட்டதைச் சொல்லத் தொடங்கினார்.

"இவன் ஈரக் காலோடு உள்ளே வருகிறான். இப்போதுதான் துடைத்த தரை" என்றார். "அவள் மறுபடி துடைக்கிறாள். இவன் கவனிக்கவில்லை. இவன் ஜன்னலைப் பார்க்கிறான். ஜன்னலில் ஒன்றும் இல்லை."

கூட்டத்தில் சலசலப்பு அடங்கியது. படம் திடீரென்று எல்லாருக்கும் புரிந்தது.

"அவள் புது உடை போட்டிருக்கிறாள். இவன் மீன் விலையைப் பற்றிப் பேசுகிறான். அநேகமாக மீன் விலைதான். அவள் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். இவன் நல்லவன்தான், குடிப்பதில்லை, கை நீட்டுவதில்லை. ஆனால் இவன்..." அந்த இடத்தில் அந்த இஸ்திரிக் குரலில் முதல்முறையாக ஒரு சுருக்கம் விழுந்தது. "இவன் ஒரு கட்டை."

ஏழாவது வரிசையில் கெனியா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

மீனவன் மேசைக்கு வந்து உட்கார்ந்தான். மனைவி சூப் தட்டை அவன் முன்னால் வைத்தாள். ஒரு கரண்டி குடித்துவிட்டு ஏதோ சொன்னான். ரோமுவால்டுக்கு அந்த வசனம் சந்தேகமில்லாமல் தெரிந்தது. "உப்பு சரியாக இருக்கிறது" என்றார்.

அவள் அவனுக்கு எதிரில் நின்று பேச ஆரம்பித்தாள். முகம் திரை முழுக்க நிறைந்தது. கத்தவில்லை, அழவில்லை. நிறுத்தாமல் பேசிக்கொண்டே போனாள். ரோமுவால்ட் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. அரை நிமிடம் போயிற்று. பின்வரிசையில் யாரோ, "வாசிங்கய்யா!" என்று குரல் கொடுத்தார்கள். செவெரின் மேசைக்கு ஓடிவந்தார்.

"என்ன ஆச்சு? பேசுங்க மனுஷா, எதையாவது சொல்லுங்க!"

ரோமுவால்ட் ஒலிவாங்கியை இழுத்துக்கொண்டார். "பயணிகள் கவனத்துக்கு" என்றார். பழக்கதோஷம். "இந்தப் பெண் என்ன சொல்கிறாள் என்று எனக்குத் தெரியாது. ஆண் பேசுவதெல்லாம் தெரிகிறது. இவள் பேசுவது தெரியவில்லை. இருபத்தாறு வருடத்தில் தெரிந்திருக்க வேண்டும்."

திரையில் அவள் பேசிக்கொண்டே இருந்தாள். அப்போது ஏழாவது வரிசையில் ஒதிலியா எழுந்து நின்றாள். டாக்டர் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு, திரையில் அந்தப் பெண்ணின் உதடு அசைகிற வேகத்துக்கே பேசத் தொடங்கினாள்.

"இருபத்தாறு வருஷமா உன்கூடப் படம் பாக்கிறேன் ரோமெக். நான் அழும்போதெல்லாம் நீ திரையைப் பாக்கிற. திரையில எங்க தூசி இருக்கு, எவன் கதவைச் சாத்தல, எவன் தொப்பியோட சூப் குடிக்கிறான், எல்லாம் உனக்குத் தெரியும். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, இந்தப் பக்கம் திரும்பி 'ஏன் அழுற'ன்னு கேட்டிருக்கியா? அந்த விளக்குக்காரி பதினோரு வருஷம் காத்திருந்தா. அவ புருஷன் கடல்ல இருந்தான், சரி. எம் புருஷன் பக்கத்து நாற்காலியில சூரியகாந்தி விதை கொறிச்சுக்கிட்டு இருந்தான்!"

திரையில் அந்தப் பெண் பேசி முடித்துவிட்டாள். மீனவன் பதில் சொல்ல வாயைத் திறந்தான்.

"நீ சும்மா இரு" என்று ஒதிலியா அவனைப் பார்த்துக் கை நீட்டினாள். "நான் இன்னும் முடிக்கல."

சத்தியமாகச் சொல்கிறேன், மீனவன் வாயை மூடிக்கொண்டான். அந்த இடத்தில் படச்சுருள் தீர்ந்துபோயிற்று. எங்கள் மாளிகையில் படக்கருவி ஒன்றுதான். சுருள் மாற்றும்வரை விளக்குப் போடுவார்கள். விளக்கு எரிந்தது. முந்நூறு பேர் ஒதிலியாவைப் பார்த்தார்கள், பிறகு மொத்தமாகத் திரும்பி ரோமுவால்டைப் பார்த்தார்கள். இவர் இப்போது எதையாவது சொல்லித் தொலைத்துவிடப் போகிறாரே என்று நாங்களெல்லாம் பயந்தோம். சூப்பைப் பற்றி, தட்டைப் பற்றி, அந்த மேசைவிரிப்பைப் பற்றி. செவெரின் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

ரோமுவால்ட் ஒலிவாங்கியை அணைத்தார். எழுந்து இரண்டு எட்டு முன்னால் வந்தார். இஸ்திரி போடாத அவருடைய குரலை அதுவரை ஊரில் யாரும் கேட்டதில்லை. அது சின்னக் குரல், கொஞ்சம் கீச்சென்று இருந்தது. நான்காவது வரிசைக்கு மேல் எட்டவில்லை.

"என்ன சொன்னார்? என்ன சொன்னார்?" என்று பின்னாலிருந்து கேட்டார்கள். "'ஏன் அழுத'ன்னு கேக்குறார்" என்று முன்வரிசை திரும்பிச் சொன்னது. அது வரிசை வரிசையாகப் பின்னால் போயிற்று.

ஒதிலியா கைக்குட்டையைத் தேடினாள். கெனியா நீட்டியதை வாங்கி மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"வீட்டுல சொல்றேன்" என்றாள்.

"அய்யோ, இங்கயே சொல்லுங்களேன்!" என்று டாக்டரின் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நாங்களும் சீட்டு வாங்கித்தானே வந்திருக்கோம்!"

ஒதிலியா கையை விடுவித்துக்கொண்டு வரிசையிலிருந்து வெளியே வந்தாள். ரோமுவால்ட் வாசலில் காத்திருந்தார். இருவரும் சேர்ந்து படியிறங்கிப் போனார்கள். மீதிப் படம் குரலில்லாமல் ஓடியது. அதை நாங்கள் யாரும் சரியாகப் பார்க்கவில்லை.

அந்தக் கலங்கரை விளக்கப் படத்துக்கு ஒதிலியா எதற்காக அப்படி அழுதாள் என்பது எங்கள் ஊரில் இன்றுவரை யாருக்கும் தெரியாது. ரோமுவால்டுக்குத் தெரியும். சிற்றுண்டிச்சாலையில் எத்தனையோ முறை கேட்டுப் பார்த்தாயிற்று. தேநீரைக் கலக்கிக்கொண்டே, அதைப் பற்றித் தனக்கு அபிப்பிராயம் எதுவும் இல்லை என்று சொல்லிவிடுகிறார்.